பாம்பு வளர்க்க ஒரு ‘ஸ்டார்ட்டர் கிட்’: கொக்கிக்கு நூறு, கையுறைக்கு முட்டை

பெட்டிக்குள் ஒன்பது சாமான் இருந்தது. பாதிக்குத்தான் கொடுத்த காசு தகும். மீதியில் இரண்டு, பாம்பு வளர்க்கும் வீட்டில் இருக்கவே கூடாதவை. வேடிக்கை என்னவென்றால் அந்த இரண்டைத்தான் கடைக்காரர் ‘சேஃப்ட்டி’ என்று அழுத்திச் சொல்லி விற்றார்.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், சில்வர்க்ளென் காட்டை ஒட்டின தெரு. பையனுக்குப் பதினைந்து வயது. நாய்க்குட்டி கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன், அவன் பாம்பு கேட்டான். நான் கோவில்பட்டிக்காரி. பாம்பு என்றால் ஒன்று கும்பிடுவோம், இல்லையென்றால் கம்பை எடுப்போம், நடுவில் ஒரு வழி எனக்குத் தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மாமியார்தான், “நாகம்மா தானே, வரட்டும்மா” என்று பேரன் பக்கம் சாய்ந்துவிட்டார். வந்தது கார்ன் ஸ்னேக். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த ஜாதி, விஷமில்லாதது, வளர்ந்தால் நாலைந்து அடி, நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து இருபது வருஷம் இருக்கும். எங்களுடையது ஆரஞ்சும் வெள்ளையுமாக இருப்பதால் பெயர் கேசரி.

பாம்போடு சேர்த்து டர்பனுக்கு வெளியே உள்ள ஒரு ஊர்வனக் கடையில் இந்த கிட்டையும் வாங்கினோம். விலை இரண்டாயிரம் ரேண்டுக்குக் கொஞ்சம் மேல். உள்ளே பூட்டுக் கிளிப் வைத்த பிளாஸ்டிக் டப்பா, ஒளிந்துகொள்ள ஒரு கூடு, டப்பாவுக்கு அடியிலிருந்து சூடு கொடுக்கும் ஹீட் மேட், அந்தச் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட், ஒட்டுகிற வட்ட வெப்பமானி, இரண்டடிக் கொக்கி, விசையை அழுத்தினால் கவ்வுகிற நீளப் பிடிகோல், தடித்த தோல் கையுறை, இரை கொடுக்கும் இடுக்கி. தண்ணீர்க் கிண்ணம் மட்டும் இல்லை, அதைத் தனியாக வாங்கச் சொன்னார்கள். இத்தனை கொடுத்தவர்களுக்கு ஒரு கிண்ணம் கொடுக்க மனசு வரவில்லை.

கொக்கியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்தப் பெட்டியின் உயிரே அதுதான். பார்த்தால் ஒன்றுமில்லை. அலுமினியத் தண்டு, ஒரு முனையில் ரப்பர் பிடி, மறு முனையில் மழுங்கலாக வளைத்த எஃகு. இதை வைத்துப் பாம்பைத் தூக்குவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தூக்கலாம்தான், ஆனால் வீட்டுப் பாம்புக்கு இதன் முக்கிய வேலை தட்டுவது.

டப்பாவுக்குள் இருக்கும் பாம்புக்கு மூடி திறந்தால் இரண்டே அர்த்தம்: சோறு வருகிறது, அல்லது யாரோ நம்மைத் தின்ன வருகிறார்கள். மேலேயிருந்து இறங்குகிற கை இரண்டுக்கும் பொருந்தும். எலி வாசனையோடு வந்தால் சோறு, திடீரென்று வந்தால் கழுகு. அதனால் கையை விடும் முன்னால் கொக்கியின் வளைந்த பக்கத்தால் உடம்பின் நடுப்பகுதியில் மெதுவாக ஒரு தடவு, ஒரு சின்னத் தட்டு. தலையில் கூடாது. இரை கொடுக்கிற நாளில் கொக்கியை எடுக்கவே கூடாது. இப்படியே விடாமல் செய்துவந்தால் ‘கொக்கி பட்டால் இன்றைக்குச் சாப்பாடு இல்லை’ என்று அது பழகிக்கொள்கிறது.

கேசரியிடம் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கிளிப் ‘டக்’கென்று திறந்ததும் கூட்டுக்குள்ளிருந்து தலை வெளியே வரும். நாக்கு வேகவேகமாக வெளியே போய்ப் போய் வரும், கழுத்து லேசாகப் பின்வாங்கி ‘S’ மாதிரி மடியும். அந்த நேரத்தில் கையை விட்டால் கடி நிச்சயம். பையன் கொக்கியால் இடுப்புப் பக்கம் (பாம்புக்கு இடுப்பு ஏது என்று கேட்காதீர்கள்) தொடுவான். ஒரு நொடி அப்படியே உறையும். பிறகு அந்த மடிப்பு மெல்ல அவிழும், நாக்கு நிதானமாகும், தலை வேறு பக்கம் திரும்பும். அதற்கப்புறம்தான் கொக்கியை உடம்பின் முன் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் நுழைத்து லேசாகத் தூக்கி, மறு கையை வயிற்றுக்குக் கீழே கொடுத்து எடுப்பது. கைக்கு வந்ததும் கொக்கி மேஜைக்குப் போய்விடும்.

கையில் வந்த பிறகு இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்பது அடுத்த பாடம். தலையைப் பிடிப்பது சினிமாக்காரர்கள் வேலை. உடம்பு இரண்டு இடத்திலாவது தாங்கப்பட்டிருக்க வேண்டும், அது போகிற போக்கில் நம் கைகள் மாறி மாறி முன்னால் போய் வழி கொடுக்க வேண்டும். வால் நுனியைத் தரையில் அடித்துப் படபடக்கிறது என்றால் பயந்திருக்கிறது, திரும்ப டப்பாவில் விட்டுவிடுவது நல்லது. கண் நீலம் பாய்ந்து மங்கலாகியிருந்தால் சட்டை உரிக்கப்போகிறது. அந்த நாட்களில் அதற்குச் சரியாகப் பார்வை தெரியாது, தொடவே வேண்டாம். சாப்பிட்ட பிறகு குறைந்தது இரண்டு நாள் தூக்கக் கூடாது, மீறினால் விழுங்கினதைக் கக்கிவிடும். அந்த நாற்றம் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

இதே கடையில் நீட்டி மடக்குகிற கொக்கியும் விற்கிறார்கள், பைக்குள் வைக்கலாம் என்று. இதே டர்பனில் ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் நாத்தனார் வீட்டில் அது இருக்கிறது. கனம் ஏறினதும் உள்தண்டு சுற்றிக்கொண்டு கீழே இறங்குகிறது. வாங்காதீர்கள். அவர்கள் வைத்திருப்பது பால் பைத்தன் (குடிக்கிற பால் இல்லை, ஆங்கிலத்து ‘ball’), மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்து மலைப்பாம்பு. குட்டையாக, தடியாக, கனமாக இருக்கும். அதைக் கொக்கியில் தொங்கவிடக் கூடாது, கனம் முழுக்க ஒரே இடத்தில் விழுந்து முதுகெலும்புக்கு வலிக்கும். அதற்குக் கொக்கி தட்டுவதற்கு மட்டும், தூக்குவதற்கு இரண்டு கை. அதன் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் தெரியும், சூட்டை உணர்கிற குழிகள். குளிர்ந்த டப்பாவுக்குள் வருகிற நம் சூடான கை அதன் கணக்கில் ஓர் எலிதான். அதனால் பால் பைத்தன் வைத்திருப்பவர்களுக்குத் தட்டும் பழக்கம் இன்னும் அவசியம்.

இப்போது அந்தப் பிடிகோல். நீளக் குழாய், கைப்பக்கம் விசை, முனையில் கவ்வுகிற தாடை. குப்பை பொறுக்கப் பூங்காவில் வைத்திருப்பார்களே, அதே சாதி. கடைக்காரர், “ஆன்ட்டி, உங்களுக்குப் பயமாக இருந்தால் இதால் பிடியுங்கள், கையே பட வேண்டாம்” என்றார். பயந்த கை விசையை எவ்வளவு அழுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். பாம்பின் உடம்பு முழுக்க மெல்லிய விலா எலும்பு. தாடை கவ்வினதும் அது முறுக்கும், முறுக்க முறுக்க நாம் இன்னும் அழுத்துவோம். விலா உடையும், முதுகுத்தண்டு அடிபடும். உடையாவிட்டாலும் ஒன்று நடக்கும்: இந்தக் கோலைக் கண்டால் வலி என்று கற்றுக்கொண்டு, அதுவரை கடிக்காத பாம்பு கடிக்க ஆரம்பிக்கும். விஷப்பாம்பு பிடிக்கப் பயிற்சி எடுத்தவர்களே இதை அளந்துதான் பயன்படுத்துகிறார்கள். பெட்ரூமில் வளர்கிற கார்ன் ஸ்னேக்குக்கு இது எதற்கு?

கையுறை அதற்கு அண்ணன். தோட்டத்தில் ரோஜா வெட்டுகிற தடித்த தோல். போட்டுக்கொண்டால் பாம்பின் அசைவு எதுவும் கைக்குத் தெரியாது. அது பிடி தேடுகிறதா, நழுவுகிறதா, நாம் நசுக்குகிறோமா, ஒன்றும் புரியாது. கடித்தால் அதன் சின்னப் பற்கள் தோலில் மாட்டி உடைய வாய்ப்பு வேறு. அத்தனை பாடுபட்டுத் தவிர்க்கிற கடி என்னவென்று பார்த்தால், சீப்பால் குத்தினது மாதிரி சின்னச் சின்னப் புள்ளி ரத்தம். என் கொழுந்தனார் பையன் தன் வீட்டு வெள்ளெலியைக் கொஞ்சிவிட்டுக் கை கழுவாமல் வந்து கேசரியைத் தூக்கப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டான். கடித்த மறுநிமிஷமே விட்டுவிட்டது. விடாமல் பிடித்தால் இழுக்கக் கூடாது, பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் நம் தோல்தான் கிழியும். வாய்ப்பக்கம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விடும். பிறகு சோப்பு, கிருமிநாசினி, டெட்டனஸ் ஊசி போட்டு வருஷக்கணக்கானால் டாக்டர்.

கையுறையும் பிடிகோலும் வேண்டவே வேண்டாம் என்று நான் கத்துவதற்கு உண்மையான காரணம் கேசரி அல்ல. போன கோடையில் ராத்திரி நல்ல மழை. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “தம்பி, உன்கிட்டே பாம்பு பிடிக்கிற சாமான் இருக்காமே, ஒரு சின்னக் கறுப்புப் பாம்பு வந்திருக்கு, வந்து எடுப்பா” என்று கூப்பிட்டார். பையன் ஒரு கையில் கையுறையும் மறு கையில் கோலுமாகக் கிளம்பிவிட்டான். வாசலில் நான் மறித்து, தூரத்திலிருந்து டார்ச் அடித்துப் படம் மட்டும் எடுக்கச் சொன்னேன். ஒன்றரை அடிக்குள் இருக்கும், பளபளவென்ற கருமை, தலைக்கும் கழுத்துக்கும் வித்தியாசமே இல்லை. வந்து எடுத்துப்போன பாம்புபிடிப்பவர் ஒரே பார்வையில் சொன்னார்: ஸ்டிலெட்டோ.

இந்தப் பாம்பைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: மண்ணுக்குள் வாழ்வது, மழைக்குப் பிறகு ராத்திரியில் வெளியே வரும். பார்த்தால் அப்பாவி. இதன் விஷப்பல் வாயைத் திறக்காமலேயே பக்கவாட்டில் நீளும். எனவே தலைக்குப் பின்னால் பிடித்தால் கடிக்காது என்கிற கணக்கு இதனிடம் செல்லாது, பிடித்த விரலையே குத்தும். இதற்கு முறிமருந்தும் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் தயாராகிற பன்முறிமருந்து மாம்பா, நாகம், ரிங்கால்ஸ், பஃப் ஆடர், கபூன் ஆடர் ஆகியவற்றுக்கு உதவும். பூம்ஸ்லாங்குக்குத் தனி மருந்து உண்டு. ஸ்டிலெட்டோ கடித்தால் வலியையும் வீக்கத்தையும் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம், விரல் நுனி அழுகிப்போனவர்கள் உண்டு. கடிபட்டவர்களில் பாதிப்பேர் ‘ஒன்றும் செய்யாத பாம்பு’ என்று கையில் எடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

குவீன்ஸ்பர்க், ரிசர்வாயர் ஹில்ஸ், வெஸ்ட்வில் பக்கம் வீட்டுக்கூரையில் கறுப்பு மாம்பா பிடிபடுவது டர்பனில் புதிய செய்தி அல்ல. நம் தோட்டத்துக்கும் எதுவும் வரும். வீட்டுப் பாம்பைத் தூக்கிப் பழகின தைரியம் அங்கே செல்லாது. ஆப்பிரிக்கன் ஸ்னேக்பைட் இன்ஸ்டிட்யூட்டின் இலவச ஆப் ஒன்று இருக்கிறது, படம் பார்த்து அடையாளம் காணவும், அருகில் இருக்கும் பாம்புபிடிப்பவரின் எண் எடுக்கவும். கிட்டில் கையுறைக்குப் பதில் அந்த ஆப்பின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் போட்டிருக்கலாம், செலவும் மிச்சம். இன்னொன்று, தோட்டத்தில் வந்த பிரவுன் ஹவுஸ் ஸ்னேக்கை ‘சாதுதானே’ என்று எடுத்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: உள்நாட்டுப் பாம்பு வைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு வேண்டும், க்வாஸூலு-நடாலில் அது மாகாண வனவிலங்கு அமைப்பான எஸெம்வேலோ அலுவலகத்தின் வேலை. வெளிநாட்டு வகையாக இருந்தாலும் வாங்கும் முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டப்பா நன்று. நாலு பக்கமும் கிளிப், மூடிக்கு இடைவெளி இல்லை. கார்ன் ஸ்னேக் தப்பிப்பதில் கைதேர்ந்தது, தலை போகிற இடத்தில் உடம்பும் போய்விடும். இன்றுவரை கேசரி வெளியே வந்ததில்லை, அந்த ஒன்றுக்காகவே மாமியார் இந்த டப்பாவுக்கு ஓட்டுப் போடுகிறார்.

தெர்மோஸ்டாட் கதை கொஞ்சம் நீளம். ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் யாரும் போடாதீர்கள், சில மேட்கள் நாற்பது டிகிரியைத் தாண்டிவிடும். பாம்பு சூடு தாங்காமல் எழுந்து ஓடும் என்று நினைப்போம், ஓடாது. அதே இடத்தில் படுத்து வயிற்றுத்தோலைப் பொசுக்கிக்கொள்ளும். இந்த கிட்டில் தெர்மோஸ்டாட் சேர்ந்தே வந்தது பெரிய புண்ணியம். திருகுகிற குமிழ் வைத்தது, கரண்ட் போய் வந்தாலும் வைத்த அளவு மாறாது. இந்த நாட்டில் அது சின்ன விஷயமா? 2023ல் ஒரு நாளைக்கு எத்தனை தடவை லோட்ஷெடிங் என்று யாருக்கு மறக்கும். அந்தக் காலத்துப் பழக்கத்தில் நான் இன்றைக்கும் இதை சர்ஜ் பிளக் வழியாகத்தான் போடுகிறேன். போன கரண்ட் திரும்பி வருகிறபோது அடிக்கிற அடியில்தான் சாமான்கள் சாகும். டர்பன் குளிருக்கு இரண்டு மணி நேரம் மேட் இல்லாவிட்டால் பாம்புக்கு ஒன்றும் ஆகாது, டப்பாமேல் ஒரு போர்வை போதும், காற்று ஓட்டைகளை மூடாமல். ஜோஹானஸ்பர்க்கின் ஜூலைக் குளிரில் இருப்பவர்கள் வேறு ஏற்பாடு பார்க்க வேண்டும்.

குறை இரண்டு. பிளக் நம் ஊர் மூன்று உருண்டை முள் இல்லை, அடாப்டர் தேடி அலைய வேண்டியிருந்தது. அதைவிடப் பெரியது, சூட்டை அளக்கிற அந்த ஒயரின் நுனி உறிஞ்சுக் கிண்ணத்தில் ஒட்டி வருகிறது, கொஞ்ச நாளில் கழன்று விழுந்துவிடுகிறது. விழுந்து குளிர்ந்த பக்கம் கிடந்தால் தெர்மோஸ்டாட் ‘இன்னும் சூடாகவில்லை’ என்று மேட்டை எரித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் அதை டப்பாவுக்கு வெளியே, மேட்டுக்கும் டப்பாவின் அடிக்கும் நடுவே வைத்து ஒட்டிவிட்டோம். டப்பாவுக்குள்ளே மட்டும் செலோடேப் எதுவும் ஒட்டாதீர்கள், பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது தோல் உரிந்துவிடும். வட்ட வெப்பமானி காற்றின் சூட்டைக் காட்டுகிறது, பாம்பு படுப்பது தரையில். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும், நீட்டினால் சூட்டை அளக்கிற இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்று வாங்கினோம். சூடான பக்கத்துத் தரை 29, 30 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24. இங்கே கோடையான டிசம்பரில் டர்பன் வீட்டுக்கே அவ்வளவு இருக்கிறது, பெரும்பாலும் மேட் அணைந்தேதான் கிடக்கும்.

இடுக்கி நல்ல நீளம், ரப்பர் நுனி. உறைந்த எலியை வெந்நீரில் வைத்து இளக்கி, வாலைப் பிடித்து நீட்டலாம், நம் விரல் ஒரு முழத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும். உயிருள்ள எலி வேண்டாம், பாம்பையே கடித்துப் புண்ணாக்கும். மைக்ரோவேவிலும் வைக்காதீர்கள், வெடிக்கும். எங்கள் வீட்டுச் சிக்கல் வேறு மாதிரி. புரட்டாசி பிறந்தால் வீட்டில் முட்டைகூட நுழையாது. ஃப்ரீஸரில் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் எலிப் பாக்கெட்டைப் பார்த்த அன்றைக்கு மாமியாரின் நாகம்மா பக்தி நாலு நாள் லீவில் போய்விட்டது. கராஜில் ஒரு பழைய பார் ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்ட பிறகுதான் சமாதானம். புரட்டாசிக்கு மட்டும் பாம்பைப் பால் குடிக்கவைக்க முடியாதா என்று கேட்டார். முடியாது அத்தை, அதற்குப் பால் செரிக்காது என்றேன். “அப்போ புத்துக்கு ஊத்தறது?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

சுத்தம் விஷயத்தில் அந்த ஃப்ரிட்ஜ் நல்லதாகவே போயிற்று. ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா இருக்கும், பாம்பு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும். தூக்குவதற்கு முன் கை கழுவுவது நமக்குக் கடி விழாமல் இருக்க, தூக்கிய பின் கழுவுவது வயிறு கெடாமல் இருக்க. தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ நான் விடுவதில்லை, வெளிக்குழாய்தான். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பார்க்கலாம், தொடக் கூடாது. யாராக இருந்தாலும் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பது எங்கள் வீட்டில் தடை. தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் பல பேருக்கு அதில் வருத்தம்.

பிடிகோலையும் கையுறையையும் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனோம். பணம் தர மாட்டேன் என்றார்கள், நியாயம் பேசினேன், கடைசியில் அந்தத் தொகைக்குச் சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், உறைந்த எலியாக எடுத்தோம். கடையில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்திக்கு நல்ல விவரம். கொக்கித் தட்டைப் பையனுக்குக் காட்டிக்கொடுத்தது அவள்தான், முதலாளி இல்லை. கேட்டுப் போகிறவர்கள் அவளிடம் கேளுங்கள்.

என் கணக்கு: கிட்டாக வாங்க வேண்டாம். டப்பா, மேட், தெர்மோஸ்டாட், இரண்டடி நீள ஒற்றைத்தண்டுக் கொக்கி, இடுக்கி ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள், கூடு வீட்டுப் பழைய பூந்தொட்டியைக் கவிழ்த்தாலே போதும். கிட் விலையைவிடக் குறைவாகவே வரும், மிச்சத்தில் இன்ஃப்ராரெட் துப்பாக்கி வாங்கலாம். கொக்கிக்கு ஐந்து நட்சத்திரம், டப்பாவுக்கு நாலு, தெர்மோஸ்டாட்டுக்கு அந்த உறிஞ்சுக் கிண்ணத்தால் மூன்று. கடைக்கும் மூன்று கொடுக்கிறேன், அதில் இரண்டு அந்தப் பெண்ணுக்கு. சனிக்கிழமை போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அவளுக்கும் அன்றைக்கு லீவு.